ஆறு, ஏரி, கடலில் உறையும் பனிக்கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீர்ப் பரப்பில் உறையும் பனிக்கட்டி என்றதும் எல்லோரும் கேட்பது குளிரைப் பற்றித்தான். பொறியாளர்களின் கவலை வேறு: தண்ணீர் எவ்வளவு கலங்கி ஓடுகிறது, பனிப்பாளம் எந்த வேகத்தில் வந்து மோதுகிறது, அது வளைந்து முறிகிறதா அல்லது நொறுங்குகிறதா. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் போய் முடியும். மலைகளில் இருக்கும் பனியாறுகள் இங்கே பேசப்படவில்லை.

ஏரி ஏன் அடியிலிருந்து உறையாமல் மேலிருந்து உறைகிறது?

நல்ல தண்ணீர் மிக அதிக அடர்த்தி அடைவது சுமார் 4 டிகிரி செல்சியஸில். குளிர் காலம் தொடங்கும்போது மேல்நீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கும்; அடிநீர் மேலே வரும். ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வந்த பிறகு இந்தச் சுழற்சி நின்றுவிடுகிறது. அதற்கும் கீழே குளிரும் நீர் லேசாகிவிடுவதால் மேலேயே தங்கி, அங்கேயே உறைகிறது. பனிக்கட்டியின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 917 கிலோ. அதனால் அது மிதக்கிறது, கீழே உள்ள தண்ணீருக்குப் போர்வையாகவும் ஆகிவிடுகிறது.

இது ஏரிக்கான பதில் மட்டுமே. பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்வதால் ஆற்றுக்கும் கடலுக்கும் இதே கதைதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வேகமாக ஓடும் ஆற்றில் சுழல்கள் தண்ணீரை மேலும் கீழுமாகக் கலக்கிக்கொண்டே இருக்கும். மேலே குளிர்ந்த அடுக்கு, கீழே வெதுவெதுப்பான அடுக்கு என்று பிரிய வாய்ப்பே இல்லை. மொத்த ஆழமும் ஒன்றாகவே பூச்சியத்துக்கு வரும். அதன் விளைவைக் கொஞ்சம் கீழே பார்ப்போம்.

கடல் எத்தனை டிகிரியில் உறையும்?

வழக்கமான உப்புத்தன்மை உள்ள கடல் நீர், அதாவது கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ள நீர், மைனஸ் 1.8 டிகிரி வாக்கில் உறையும். உறைநிலையைவிட முக்கியமான வித்தியாசம் இன்னொன்று இருக்கிறது. உப்பு கிலோவுக்குச் சுமார் 24.7 கிராமைத் தாண்டினால் 4 டிகிரிக் கணக்கு செல்லாது. அந்த நீர் உறையும் வரை குளிரக் குளிரக் கனத்துக்கொண்டே போகும், மூழ்கிக்கொண்டே இருக்கும். ஆகவே கடலில் ஒரு கணிசமான ஆழம் வரை நீர் குளிர்ந்த பிறகுதான் மேலே பனி பிடிக்கும். கடல் தாமதமாக உறைவதற்கு உப்பு உறைநிலையைக் குறைப்பதோடு இதுவும் ஒரு காரணம்.

கடல் பனிக்கட்டியை உருக்கிக் குடிக்கலாமா?

புதுப் பனிக்கட்டியை முடியாது. பழையதை முடியும். உறையும்போது பனிப் படிகம் உப்பை உள்ளே விடுவதில்லை, வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்ட உப்பில் ஒரு பகுதி மிகச் செறிந்த உப்புநீராகச் சிறு சிறு அறைகளில் சிக்கிக்கொள்கிறது. கோடையில் மேல்பனி உருகி, அந்த நீர் இந்த அறைகள் வழியாக இறங்கி உப்பை அடித்துக்கொண்டு போகும். இரண்டு மூன்று கோடை தாண்டிய பனிப்பாளத்தின் மேல்பகுதியில் உப்பு மிகக் குறைவாகவே இருக்கும். அந்தப் பழைய பனி கடினமானதும்கூட. கப்பல் ஓட்டுபவர்கள் அதைக் கண்டால் விலகிப் போவது அதனால்தான்.

வெளியே தள்ளப்பட்ட உப்பு எங்கே போகிறது என்றும் சிலர் கேட்பதுண்டு. அது கீழே உள்ள கடல் நீரைக் கனமாக்கி மூழ்கடிக்கிறது. உலகப் பெருங்கடல்களின் ஆழ்நீரோட்டங்களை இயக்கும் விசைகளில் அதுவும் ஒன்று.

பனி எவ்வளவு வேகமாகத் தடிக்கும்?

1890 வாக்கில் ஆஸ்திரிய இயற்பியலாளர் யோசெஃப் ஸ்டெஃபான் இதற்கு ஒரு கணக்குத் தந்தார். துருவப் பயணங்களில் அளந்த பனித் தடிமன்களை வைத்து அவர் வகுத்த விதி இன்றும் களத்தில் பயன்படுகிறது. ஒவ்வொரு நாளும் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே எத்தனை டிகிரி இருந்ததோ, அதைக் குளிர்காலம் முழுவதும் கூட்டிக்கொண்டே வர வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தை ஓர் எண்ணால் பெருக்கினால் சென்டிமீட்டரில் தடிமன் கிடைக்கும். காற்று வீசும், பனித்தூள் மூடாத ஏரிக்கு அந்த எண் சுமார் 2.7. காற்றுக்கு மறைவான சிற்றாற்றுக்கு 0.7 முதல் 1.4 வரை.

உதாரணமாக, பத்து நாள் மைனஸ் 10 டிகிரி என்றால் கூட்டுத்தொகை 100, வர்க்கமூலம் 10, திறந்த ஏரியில் 27 சென்டிமீட்டர். சரி, இருபது நாளில் 54 ஆகிவிடுமா? ஆகாது. 54 சென்டிமீட்டருக்கு நாற்பது நாள் வேண்டும். அடியில் உள்ள நீர் உறைய வேண்டுமானால் அதன் வெப்பம் மேலே உள்ள பனி வழியாகத்தான் வெளியேற வேண்டும். பனி தடிக்கத் தடிக்க அந்த வழி நீளமாகிறது.

மேலே விழும் பனித்தூள் இந்தக் கணக்கைக் குழப்பும். அது நல்ல வெப்பக் காப்பு என்பதால் வளர்ச்சி மந்தமாகும். ஆனால் நிறைய விழுந்தால் அதன் கனத்தில் பனிப்பாளம் அமிழ்ந்து, விரிசல் வழியே தண்ணீர் மேலே ஏறி, பனித்தூளோடு சேர்ந்து உறைந்து வெண்பனியாகும். தடிமன் கூடும், வலிமை அதே அளவுக்குக் கூடாது.

ஃப்ரேசில் என்றால் என்ன? நீர்மின் நிலையக்காரர்கள் ஏன் அதற்கு இவ்வளவு பயப்படுகிறார்கள்?

ஆற்றுப் பனியில் எனக்கு மிகவும் சுவாரசியமான பகுதி இதுதான். மேகமில்லாத, கடும் குளிர் இரவு. பனி மூடாத ஆறு வேகமாக ஓடுகிறது. தண்ணீர் முழுவதும் பூச்சியத்தைத் தொட்டு, அதற்கும் கீழே ஒரு டிகிரியில் நூறில் சில பங்கு மட்டும் இறங்குகிறது. கேட்க அற்பமாக இருக்கும். அவ்வளவு போதும். காற்றிலிருந்து விழும் நுண்ணிய பனித்துகள்கள் விதையாகி, தண்ணீருக்குள்ளேயே மெல்லிய வட்டத் தகடுகளாகப் படிகங்கள் வளரும். பெரும்பாலானவை சில மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒன்றோடு ஒன்று மோதி, உடைந்து, உடைந்த துண்டுகளே புது விதைகளாகி, சற்று நேரத்தில் ஆறு முழுக்க இவை நிறைந்துவிடும். இவற்றுக்குத்தான் ஃப்ரேசில் என்று பெயர்.

மீக்குளிர்ந்த நீரில், அதாவது உறைநிலைக்கும் கீழே குளிர்ந்தும் உறையாத நீரில், இருக்கும்வரை இந்தத் தகடுகள் தொட்டதில் எல்லாம் ஒட்டும். நீர்மின் நிலையம், குடிநீர் நிலையம் எதுவானாலும் நீர் நுழையும் வாயில் குப்பை தடுக்க இரும்புக் கம்பி வரிசை இருக்கும். அதில் ஒட்ட ஆரம்பித்தால் சில மணி நேரத்தில் வாய் முழுவதும் அடைபட்டுவிடும். நீர்வாயை ஆழத்தில் வைத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். கலங்கி ஓடும் நீரில் அது பலிக்காது. மேலே இருக்கும் படிகம்தான் அடியிலும் இருக்கிறது. ஆற்றின் அடியில் கிடக்கும் கற்களிலும் அது ஒட்டி, கம்பளம்போல் வளரும். காலையில் வெயில் பட்டதும் அந்த அடிப்பனி கல்லோடு சேர்ந்து பெயர்ந்து மேலே மிதந்து வருவதைப் பார்க்கலாம்.

தீர்வுகளில் ஒன்று கம்பிகளைச் சூடாக்குவது. ஒட்டாமல் இருக்கக் கம்பி பூச்சியத்துக்குச் சற்று மேலே இருந்தால் போதும். ஒட்டிய பனியை உருக்குவது வேறு விஷயம்: ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வேண்டும், அந்த வெப்பம் ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி சூடாக்கப் போதுமானது. ஆகவே முன்கூட்டியே சூடாக்க வேண்டும், அடைத்த பிறகு அல்ல.

இதைவிட நல்ல தீர்வு, கேட்க விநோதமாக இருந்தாலும், ஆற்றை வேண்டுமென்றே உறைய விடுவது. மேலே பனிப்பாளம் மூடிவிட்டால் தண்ணீர் குளிர் காற்றைத் தொடாது, மீக்குளிர்வு நின்றுவிடும், ஃப்ரேசில் உற்பத்தியும் நின்றுவிடும். பாளம் நிலைத்து உருவாக நீரோட்டம் வினாடிக்குச் சுமார் 0.7 மீட்டருக்குள் இருப்பது நல்லது. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் உறைபனிக் காலத் தொடக்கத்தில் அணைகளில் நீர்வரத்தைக் குறைத்து, மிதவைத் தடுப்புகளையும் கட்டி, பாளம் பிடிக்க அவகாசம் தருகிறார்கள். சில நாள் மின் உற்பத்தி குறையும். மீதிக் குளிர்காலம் நிம்மதி.

பனி அடைப்பு எப்படி வெள்ளம் ஆகிறது?

உடைந்த பனிப்பாளங்கள் ஆற்றின் வளைவிலோ, தீவின் ஓரத்திலோ, பாலத் தூண்களிலோ சிக்கி அடுக்கடுக்காகக் குவிவதுதான் அடைப்பு. அது முழு அணையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் பாளங்களின் கரடுமுரடான அடிப்பக்கம் ஆற்றுப்படுகையைப் போலவே உராய்வு கொடுக்கிறது, குவியலே நிறைய இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதே அளவு நீர் போக ஆறு பல மீட்டர் உயர வேண்டியிருக்கும். கோடை வெள்ளத்தில் நனையாத ஊர்கள் பனி அடைப்பில் மூழ்குவது இதனால்தான்.

வடக்கு நோக்கி ஓடும் பேராறுகளில் இது ஆண்டுதோறும் வரும் தலைவலி. சைபீரியாவின் லேனா, ஓப், கனடாவின் மெக்கன்சி எல்லாம் தெற்கே உருகத் தொடங்கும்போது வடக்கே இன்னும் உறைந்தே இருக்கும். மேலிருந்து வரும் வெள்ளமும் பாளமும் கெட்டியான பனியில் வந்து முட்டும். 2001 மே மாதம் லேனா நதிக்கரையில் உள்ள லென்ஸ்க் நகரம் இப்படித்தான் மூழ்கியது. அடைப்பின் மீது ரஷ்யப் போர் விமானங்கள் குண்டு போட்டன.

எதிர்மாறான சம்பவமும் உண்டு. 1848 மார்ச் இறுதியில் ஈரி ஏரியின் பனிப்பாளங்கள் நயாகரா ஆற்றின் தலைப்பை அடைத்துவிட, அருவியில் நீர் ஏறக்குறைய நின்றுபோனது. மக்கள் வறண்ட ஆற்றுப்படுகையில் இறங்கி நடந்தார்கள். அதே ஆறு 1938 ஜனவரியில், அருவிக்குக் கீழே குவிந்த பனியால், ஓர் எஃகு வளைவுப் பாலத்தையே அடித்தளத்திலிருந்து தள்ளிச் சாய்த்தது. 1964 முதல் ஒவ்வொரு குளிர்காலமும் ஈரி ஏரியின் வாயில் சுமார் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு மிதவைத் தடுப்பு போடப்படுகிறது.

குண்டு வைத்து அடைப்பை உடைக்க முடியாதா?

படம் பிடிக்க நன்றாக இருக்கும். பலன் பெரும்பாலும் சுமார்தான். உடைத்த துண்டுகள் மிதந்து போக அடைப்புக்குக் கீழே திறந்த நீர் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அடைப்பு கொஞ்ச தூரம் தள்ளிப் போய் அடுத்த ஊருக்கு வெள்ளம் கொடுக்கும். முன்கூட்டியே செய்யும் சாதாரண வேலைகளுக்குத்தான் என் ஓட்டு: கருமணல் அல்லது சாம்பலைத் தூவி வெயிலில் பனியை நலிய விடுவது, பாளத்தில் நீளமாக வாய்க்கால் அறுப்பது, ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து மேல்நோக்கிப் பனியுடைக்கும் படகுகளை அனுப்புவது.

எத்தனை சென்டிமீட்டர் இருந்தால் மேலே நடக்கலாம்?

தெளிவான, திடமான ஏரிப் பனியில் ஓர் ஆள் நடக்க 10 சென்டிமீட்டர், காருக்கு 30 சென்டிமீட்டர் வாக்கில் என்பது பொதுவான வழிகாட்டல். கனடாவில் லார்ன் கோல்ட் 1971-இல் தந்த எளிய சூத்திரம் ஒன்று இருக்கிறது: சென்டிமீட்டரில் தடிமனை வர்க்கப்படுத்தி 3.5-ஆல் பெருக்கினால் கிலோவில் பாதுகாப்பான பாரம். 30 சென்டிமீட்டருக்குச் சுமார் 3,150 கிலோ. ஒரு மீட்டருக்கு 35 டன். தடிமன் இரண்டு மடங்கானால் தாங்கும் பாரம் நான்கு மடங்கு.

இதில் எச்சரிக்கைகள் நிறைய. வெண்பனியைப் பாதித் தடிமனாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆற்றில் நீரோட்டம் அடியிலிருந்து அரிப்பதால் பத்தடி தள்ளி வேறு தடிமன் இருக்கும். வசந்த காலத்தில் வெயில் படிகங்களின் இடைவெளிகளை உருக்கி, தடிமன் குறையாமலே பாளத்தைச் செங்குத்து ஊசிகளின் கட்டாக ஆக்கிவிடும். அந்தப் பனியில் எந்தச் சூத்திரமும் செல்லாது. அப்புறம், இந்தச் சூத்திரம் நகரும் வண்டிக்கானது. நிறுத்திய வண்டிக்கு அல்ல. நின்ற பாரத்தின் கீழ் பனி மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு துளை போட்டு வைத்து, அதில் தண்ணீர் மேலே பொங்கி வழிந்தால் உடனே கிளம்பிவிட வேண்டும்.

அப்படியானால் பனிச் சாலையில் வேகமாகக் கடந்துவிடுவது நல்லதுதானே?

இல்லை. மிதக்கும் பாளத்தில் லாரி போகும்போது அதன் கீழே ஒரு பள்ளமும், தண்ணீரில் ஓர் அலையும் கூடவே ஓடும். ஆழமற்ற நீரில் அந்த அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: 5 மீட்டர் ஆழத்துக்கு மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர், 10 மீட்டருக்குச் சுமார் 36. லாரியும் அதே வேகத்தில் போனால் ஆற்றல் சிதறாமல் அலையில் சேர்ந்துகொண்டே இருக்கும், பனி உடையும். கனடாவின் வடமேற்குப் பகுதியில் வைரச் சுரங்கங்களுக்குப் போகும் டிபிட்–கான்ட்வாய்ட்டோ குளிர்காலச் சாலை பெரும்பகுதி உறைந்த ஏரிகளின் மேல்தான் போகிறது. அங்கே பாரம் ஏற்றிய லாரிகளுக்கு மணிக்கு 25 கிலோமீட்டர் வரம்பு. கரையை நெருங்கும்போது இன்னும் மெதுவாக, முடிந்தால் சாய்வாக அணுக வேண்டும், ஏனென்றால் அலை கரையில் மோதித் திரும்பி வரும்.

இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடு நகர முற்றுகையின்போது, 1941 நவம்பரில், லடோகா ஏரியின் பனி மேல் லாரிகள் ஓடத் தொடங்கின. அதிக பாரம் இல்லாத வண்டிகளும் மூழ்கியதைக் கண்டு இயற்பியலாளர்கள் பனியின் அசைவைப் பதிவு செய்யும் கருவிகளை வைத்து அளந்தார்கள். வண்டிகளுக்கான வேகமும் இடைவெளியும் அந்த அளவீடுகளை வைத்து வகுக்கப்பட்டன.

இதே அலை வேறொருவருக்குக் கருவி. கனடாவின் கடலோரக் காவல் படையின் ஹோவர்கிராஃப்ட்கள், அதாவது காற்று மெத்தைமேல் மிதந்து ஓடும் வாகனங்கள், செயின்ட் லாரன்ஸின் கிளையாறுகளில் சரியாக அந்த வேகத்தில் ஓடி, அலையாலேயே பனியை உடைக்கின்றன.

பனிக்கட்டி எவ்வளவு வலிமையானது?

ஒரே எண் கிடையாது. மைனஸ் 10 டிகிரிப் பனி நமக்குக் குளிர். ஆனால் தன் உருகுநிலையை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் அது மிகச் சூடான பொருள்: கெல்வின் கணக்கில் உருகுநிலையின் 96 சதவீதத்தில் இருக்கிறது. எஃகை 1,400 டிகிரிக்கு மேல் காய்ச்சிய நிலைக்குச் சமம். அதனால் மெதுவாகத் தள்ளினால் மெழுகுபோல் வழிந்து நெகிழும். வேகமாகத் தள்ளினால் நொறுங்கும். கூடவே, நசுக்கினால் நிறையத் தாங்கும், வளைத்தால் எளிதில் முறியும். இந்த இரண்டாவது உண்மைதான் பனிப் பொறியியலின் முதல் பாடம்.

நேர்ச்சுவர் உள்ள கட்டுமானத்தின்மேல் பாளம் மோதினால் அது நொறுங்கித்தான் ஆக வேண்டும். விசை மிகப் பெரிதாகும். அதைவிட மோசம், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நொறுங்கல் தாளம் பிடித்துக் கட்டுமானத்தையே குலுக்கும். 1986 ஏப்ரலில் கனடாவின் போஃபர்ட் கடலில் மொலிக்பாக் என்ற எண்ணெய்த் தோண்டு மேடைக்கு இதுதான் நடந்தது. நடுவில் மணல் நிரப்பிய பெரிய எஃகுக் கூடு அது. பல ஆண்டு வயதான பனிப்பாளம் அதைக் குலுக்கிய குலுக்கலில் உள்ளே இருந்த மணலில் ஒரு பகுதி சேறுபோல் இளகிவிட்டது. மேடை தப்பியது.

சரிவான சுவர் என்றால் கதை மாறும். பாளம் சரிவில் ஏறி, தன் எடையாலேயே வளைந்து முறிந்துவிடும். கனடாவில் 1997-இல் திறக்கப்பட்ட 12.9 கிலோமீட்டர் நீளமுள்ள கான்ஃபெடரேஷன் பாலத்தின் தூண்களில், நீர்மட்டத்தில் கூம்பு வடிவக் கவசங்கள் இருப்பது அழகுக்காக அல்ல. பனியுடைக் கப்பலின் முன்பகுதி சாய்வாக இருப்பதும் அதே காரணத்தால்தான்: அது பனியைக் கத்திபோல் வெட்டுவதில்லை, மேலே ஏறி, எடையால் அழுத்தி, கீழ்நோக்கி வளைத்து முறிக்கிறது.

பனிப்பாறையும் கடல் பனியும் ஒன்றா?

இல்லை. பனிப்பாறை நிலத்தில் பனித்தூள் சேர்ந்து இறுகிய பனியாற்றின் துண்டு, நல்ல தண்ணீர். கடல் பனி கடல் நீரே உறைந்தது.

உறைந்த ஏரி இரவில் ஏன் விசித்திரமாகச் சத்தம் போடுகிறது?

வெப்பநிலை மாறும்போது பனி சுருங்கி விரிந்து வெடிக்கிறது. அந்த அதிர்வு பாளம் வழியாகத் தொலைவு செல்லும்போது உச்ச ஒலி முன்னே வந்துவிடும், தாழ்ந்த ஒலி பின்னால் வரும். அதனால் சீழ்க்கைபோல் இறங்கும் ஓசை கேட்கும். விரிவும் சிறிதல்ல. ஒரு கிலோமீட்டர் அகல ஏரியில் பனி 10 டிகிரி சூடேறினால் சுமார் அரை மீட்டர் விரியப் பார்க்கும். கரையில் மண்ணைத் தள்ளி மேடு கட்டும். அணை இருந்தால் அதைத் தள்ளும். கனடாவில் கான்கிரீட் அணைகளுக்கு ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 150 கிலோநியூட்டன் என்று இந்த விசையைக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். மதகுகளுக்கு முன்னால் அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விட்டு, ஆழத்தில் உள்ள 4 டிகிரிக்கு நெருங்கிய நீரை மேலே கொண்டுவந்து, அந்த இடத்தில் பனி பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும் உண்டு.

பூமி சூடாவதால் இந்தத் தொல்லைகள் குறையுமா?

பனி குறைகிறது என்பதில் சந்தேகமில்லை. ஜப்பானின் சுவா ஏரி உறைந்த நாளை ஷிண்டோ பூசாரிகள் 1443 முதல் குறித்து வருகிறார்கள். சுவீடன்–ஃபின்லாந்து எல்லையில் டோர்னே ஆறு உடையும் தேதி 1693 முதல் பதிவில் இருக்கிறது. அலாஸ்காவின் நெனானாவில் 1917 முதல் ஆற்றுப் பனி எந்த நிமிடம் உடையும் என்று பந்தயமே கட்டுகிறார்கள். சுவா தாமதமாக உறைகிறது, சில ஆண்டுகள் உறைவதே இல்லை. டோர்னேயும் நெனானாவும் முன்பைவிடச் சீக்கிரம் உடைகின்றன.

பனி குறைந்தால் தொல்லையும் குறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. நடுக்குளிர்காலத்தில் மழை பெய்து ஆறு உடைந்தால், அடைப்பு உருவாகி, மறுபடி குளிர் வந்து அப்படியே உறைந்துவிடும். வசந்தத்தில் வெயிலால் நலிந்த பனியைவிட அது கெட்டி. பனிச் சாலைகளின் பருவமும் சுருங்குகிறது. மேலே சொன்ன வைரச் சுரங்கங்களுக்குச் சரக்கு போக வேறு தரைவழி இல்லை.

புதுக் கப்பல் வடிவத்தை நிஜப் பனியில்தான் சோதிக்க வேண்டுமா?

முதலில் குளிரூட்டிய நீர்த்தொட்டியில், சிறிய மாதிரியை வைத்துச் சோதிக்கிறார்கள். அதில் ஒரு சிக்கல்: மாதிரி முப்பதில் ஒரு பங்கு என்றால் பனியின் தடிமன் மட்டுமல்ல, வலிமையும் முப்பதில் ஒரு பங்காக இருக்க வேண்டும். சாதாரணப் பனி அதற்கு மிகவும் கெட்டி. ஆகவே தண்ணீரில் உப்போ யூரியாவோ எத்தனாலோ கலந்து, வேண்டுமென்றே பலவீனமான பனியை வளர்க்கிறார்கள். உறைந்த பிறகு சற்றுச் சூடேற்றி, வலிமை சரியான அளவுக்கு இறங்கும் நேரம் பார்த்துக் கப்பலை ஓட்ட வேண்டும். ஓட்டி முடித்தால் அந்தப் பாளம் அவ்வளவுதான். அடுத்த சோதனைக்குத் தொட்டியை மறுபடி உறைய வைக்க வேண்டும்.